யார் இந்தச் சாமி? கொழும்பில் புனிதர்களையும் தெய்வங்களையும் உருவத்தில் அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டியார் தெருவிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒரு காலைப்பொழுது நடந்தால் முருகன், நடராசர், அந்தோனியார், லூசியா, புத்தர் என்று எல்லாரையும் பார்த்துவிடலாம். வெளிநாட்டில் வளர்ந்த மருமக்களுக்கு ஊர் காட்டுகிறவர்களும், பள்ளிக்கூட ஒப்படைக்குப் படம் சேர்க்கிற பிள்ளைகளும், சும்மா ஆர்வத்தில் வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். எப்படி வழிபடுவது என்பதற்கு இங்கே பதில் இல்லை. உருவத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு மட்டும்தான்.

ஒரு சிலையைப் பார்த்ததும் அது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்தை வைத்தா?

முகத்தை விடுங்கள். முதலில் கையைப் பாருங்கள், அப்புறம் காலடியை, அதற்கும் பிறகு தலையை. முகம் பெரும்பாலும் சிற்பியின் கற்பனை. அப்பரை நேரில் பார்த்து வார்த்த சிற்பி யாரும் இல்லை; இராயப்பரை (பேதுருவை)ப் பார்த்து வரைந்த ஓவியரும் இல்லை. ஆனால் அப்பர் என்றால் உழவாரம், இராயப்பர் என்றால் திறவுகோல், சின்னப்பர் (பவுல்) என்றால் வாள் என்பது நூற்றாண்டுகளாக மாறவில்லை. முகம் நாட்டுக்கு நாடு மாறும், கைப்பொருள் மாறாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்முடைய தெய்வங்களின் கையில் இருக்கும் ஆயுதம் அவர்கள் பகைவர்மேல் பிரயோகித்தது. முருகனின் வேலும் துர்க்கையின் சூலமும் அப்படி. கத்தோலிக்க வேதசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனிதர்களின், கையில் இருப்பதோ அவர்கள்மேல் பிறர் பிரயோகித்தது. சின்னப்பரின் வாள் அவருடைய தலையை வெட்டிய வாள். லோரன்சு ஏந்தி நிற்பது அவரை வாட்டிய இரும்புத் தட்டி. கத்தரீனாவுக்குப் பக்கத்தில் உடைந்த சக்கரம் இருக்கும். பர்த்தலோமேயு தன்னை உரித்த கத்தியையே பிடித்துக்கொண்டிருப்பார். எந்த ஆயுதமும் இல்லாமல் ஒரு குருத்தோலை மட்டும் கையில் இருந்தால், அவர் வேதசாட்சி என்ற அளவில் உறுதி. எந்த வேதசாட்சி என்பதற்கு வேறு அடையாளம் தேட வேண்டும்.

கொச்சிக்கடை அந்தோனியார் ஏன் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார்? அவர் துறவிதானே?

துறவிதான். 1195இல் லிஸ்பனில் பிறந்து பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவர். 1231 ஜூன் 13இல் பாதுவா நகருக்கு அருகில் இறந்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1232இலேயே புனிதராக அறிவித்துவிட்டார்கள். கையில் இருக்கும் குழந்தை இயேசு பாலன். அந்தோனியார் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒரு நாள் அறைக்குள் ஒளியைக் கண்டு எட்டிப் பார்த்தபோது, அவர் இயேசு பாலனை ஏந்திக்கொண்டிருந்தார் என்பது கதை.

ஆனால் பழைய படங்களில் இந்தப் பாலன் இல்லை. அந்தோனியார் கல்விமான், பெரிய பிரசங்கி. அதனால் தொடக்க கால ஓவியங்களில் அவர் கையில் புத்தகம்தான். லீலி மலரும் பாலனும் பிற்பாடு சேர்ந்தவை. சில சொரூபங்களில் பாலன் அந்தப் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். பழைய அடையாளத்தை எடுத்துவிடாமல் அதன்மேல் புதியதை ஏற்றியிருக்கிறார்கள்.

கொச்சிக்கடைத் திருத்தலத்தின் கதை ஒல்லாந்தர் காலத்தில் தொடங்குகிறது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த அந்த நாட்களில், அந்தோனியோ என்ற குருவானவர் கடற்கரை மக்களிடையே மறைந்து வாழ்ந்தார், கடல் கரையை அரித்தபோது அவர் செபித்ததால் நின்றது என்கிறது மரபு. அங்குள்ள பழைய சொரூபம் 1822இல் கோவாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் ஆலயம் சிதைந்து, அதே ஆண்டு ஜூன் 12இல் மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை போனால் பொட்டு வைத்த தலைகளும் நிறையத் தெரியும். காணாமற்போன பொருளுக்கும் கலியாணம் சரிவருவதற்கும் நேர்ந்துகொள்ள இங்கே சமயம் பார்ப்பதில்லை.

அந்தோனியாருக்கும் அசிசி பிரான்சிசுக்கும் ஒரே அங்கிதானே? எப்படிப் பிரிப்பது?

உள்ளங்கையைப் பாருங்கள். காயம் இருந்தால் பிரான்சிஸ். பாலன் இருந்தால் அந்தோனியார்.

செபஸ்தியார் அம்பு பட்டுத்தானே இறந்தார்?

இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், காரணம் ஓவியர்கள். உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்துப் போர்வீரர் அவர். மரத்தில் கட்டி அம்பெய்தார்கள். இறந்துவிட்டார் என்று விட்டுப்போனார்கள். ஐரீன் என்ற கைம்பெண் காயத்துக்கு மருந்திட்டுப் பிழைக்க வைத்தாள். அவர் ஓடி ஒளியாமல் மன்னன் முன்னாலேயே போய் நின்று கண்டித்தார். இரண்டாம் முறை தடியால் அடித்தே கொன்றார்கள். ஆனால் தடியடிச் சாவை வரைவதில் என்ன அழகு? அம்பு நிலைத்துவிட்டது.

அம்புக்கு இன்னொரு பொருளும் உண்டு. கொள்ளைநோயை வானத்திலிருந்து விழும் அம்பாகப் பழைய ஐரோப்பியர் கற்பனை செய்தார்கள். அம்பு பட்டும் பிழைத்தவர் நோயிலிருந்து காப்பார் என்பது அதிலிருந்து வந்த நம்பிக்கை. நீர்கொழும்பு வரை நீளும் இந்தக் கரையோரத்தில் ஜனவரி மாதம் அவருடைய திருவிழாக்கள் களைகட்டும்.

முகம் பற்றி மேலே சொன்னதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. உரோமையில் சங்கிலிகளின் புனித இராயப்பர் ஆலயத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பளிங்குத்துண்டுச் சித்திரம் ஒன்று இருக்கிறது. அதில் செபஸ்தியார் தாடி வைத்த முதியவர், உடம்பில் ஒரு அம்புகூட இல்லை. மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்கள்தான் அவரை மீசை அரும்பாத வாலிபனாக்கி இடுப்புத்துணியோடு நிறுத்தினார்கள். நம்மூர்க் கூடுகளில் பவனி வருவது அந்த வாலிபன்தான்.

கொட்டாஞ்சேனை லூசியாவின் தட்டில் இரண்டு கண்கள். முகத்திலும் கண்கள் இருக்கின்றனவே?

சிசிலித் தீவின் சிரக்கூசா நகரில் 304ஆம் ஆண்டு அளவில் கொல்லப்பட்ட கன்னிப்பெண் லூசியா. கண்ணைப் பிடுங்கினார்கள் என்றும், அவளே பிடுங்கிக் கொடுத்தாள் என்றும், கடவுள் புதுக்கண் கொடுத்தார் என்றும் பல கதைகள் உண்டு. அதனால்தான் தட்டில் இரண்டு, முகத்தில் இரண்டு. ஆனால் மிகப் பழைய வரலாற்றுக் குறிப்புகளில் கண் பற்றிய பேச்சே இல்லை. அவள் இறந்தது வாளால். கண் பின்னால் சேர்ந்த கதை. இருந்தும் கண்நோய்க்காரர்கள் அவளை நாடி வருவது இந்தக் கதையால்தான். டிசம்பர் 13 திருநாள்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் சைவ அடியார்களின் வெண்கலங்களை எப்படி இனம் காண்பது?

1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட இந்த நூதனசாலையில் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை, என்னைக் கேட்டால், பொலனறுவைச் சைவ வெண்கலங்கள்தான். கண்டி அரசரின் சிம்மாசனத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். இங்கே ஆறுதலாகப் பார்க்கலாம்.

நால்வரில் தொடங்குவோம். சம்பந்தர் குழந்தை. வலது கை ஒற்றை விரலை மேலே நீட்டியிருக்கும். சில சிலைகளில் இடது கையில் சின்னக் கிண்ணம். சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமை பால் கொடுத்தாள். ‘யார் தந்த பால்?’ என்று தகப்பன் அதட்டியபோது ‘தோடுடைய செவியன்’ என்று பாடிக்கொண்டு விரலை உயர்த்திக் காட்டிய அந்தக் கணம்தான் சிலையாக நிற்கிறது. ஆடும் பாலகிருஷ்ணனோடு இவரைக் குழப்பிக்கொள்வார்கள். கண்ணன் கையில் வெண்ணெய் இருக்கும், அல்லது ஒரு கை அபயம் காட்ட மற்றது பக்கவாட்டில் நீண்டு ஆடும். மேலே சுட்டும் விரல் சம்பந்தருக்கு மட்டும்.

அப்பர் வயதானவர், மழித்த தலை, கூப்பிய கை, தோளில் சாய்த்த உழவாரம். கோவில் வீதிகளில் புல் செதுக்கிய கருவி அது. இவரைச் சண்டேசுவரரோடு மாற்றிச் சொல்கிறவர்கள் அதிகம், ஏனென்றால் அவரும் கூப்பிய கை, தோளோரம் ஒரு கருவி. கருவியை உற்றுப்பாருங்கள்: சண்டேசுவரருடையது மழு. அதுவும் தெளிவில்லை என்றால் தலையைப் பாருங்கள். அவருக்குச் சடை உயர்ந்திருக்கும், அப்பருக்கு மொட்டை.

மாணிக்கவாசகர் இடது கையில் ஏட்டுச்சுவடி, வலது கையில் சின்முத்திரை. இவர் நால்வரில் ஒருவர், ஆனால் அறுபத்து மூவர் எனப்படும் நாயன்மார் வரிசையில் இல்லை என்பதை வினாவிடைப் போட்டிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சுந்தரர்தான் சிக்கல். அவருக்கென்று தனியாக ஒரு பொருள் இல்லை. நகை, அலங்கரித்த கொண்டை, மாப்பிள்ளைக் கோலம். ஆனால் பொலனறுவைச் சுந்தரரின் முன்னால் நின்றால் பொருள் தேவைப்படாது. கலியாணப் பந்தலில் ஒரு கிழப்பிராமணர் புகுந்து, ‘நீ என் அடிமை, இதோ ஓலை’ என்று தடுத்தார். அந்தக் கிழவர் யார் என்று தெரிந்ததும் ‘பித்தா பிறைசூடி’ என்று பாட்டுப் பிறந்தது. அந்தத் திகைப்பு அந்த முகத்தில் இருக்கிறது. முகத்தை விடுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன். இந்த ஒரு சிலைக்கு அந்த விதி செல்லாது.

சோழர் பாணிச் சிலைகள் பொலனறுவையில் எப்படி? கொழும்புக்கு எப்படி வந்தன?

993 அளவில் இராசராசன் படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. 1017இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். பொலனறுவை சோழரின் தலைநகரானது. 1070இல் முதலாம் விசயபாகு மீட்கும்வரை அவர்கள் ஆட்சி. சைவக் கோவில்கள் அதற்குப் பிறகும் இயங்கின. சிலைகளில் எவை தமிழ்நாட்டில் வார்த்துக் கொண்டுவந்தவை, எவை இங்கேயே வார்த்தவை என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சில முகங்களில் தஞ்சாவூர்ச் சாயல் குறைவு என்பது என் கண்ணுக்கும் படுகிறது.

1907–1908 அகழ்வில் சிவன் கோவில் இடிபாடுகளிலிருந்து பெருந்தொகுதி கிடைத்தது. அவை யார் யார் என்று அடையாளம் காண்பதில் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தேவாரம் திருவாசகம் தெரிந்த ஒருவர் அந்த வேளையில் இங்கே இருந்தது நம் அதிர்ஷ்டம். பிறகு 1914இல் ஆனந்த குமாரசுவாமி இந்த நூதனசாலையின் வெண்கலங்கள் பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1877இல் கொழும்பில் பிறந்த அவர், அருணாசலத்துக்கு மச்சான் முறை. தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமியின் மகன். அருணாசலத்தின் தமையன் சேர் பொன்னம்பலம் இராமநாதன், தகப்பனார் கட்டிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் திருப்பிக் கட்டியவர். கொழும்பில் சைவச் சிற்பம் பார்க்க வேண்டிய இரண்டு இடங்களுக்கும் ஒரே குடும்பத்துத் தொடர்பு இருக்கிறது. நூதனசாலைக்குப் போன கையோடு கொச்சிக்கடைக்கும் போய் அந்தத் தூண்களை ஒரு சுற்றுப் பாருங்கள். வர்ணம் பூசாத கருங்கல்லில் உளி வேலை எப்படித் தெரிகிறது என்பது விளங்கும்.

காரைக்கால் அம்மையாரை ஏன் இவ்வளவு கோரமாகச் செய்திருக்கிறார்கள்?

அவரே கேட்டு வாங்கிய உருவம் அது. கணவன் தன்னைத் தெய்வம் என்று பயந்து விலகிய பிறகு, ‘இந்த அழகு இனி யாருக்கு?’ என்று சதையை உதறிப் பேய்வடிவம் பெற்றார். விலா எலும்பு எண்ணும்படி, வற்றிய மார்பு, குழிந்த கன்னம், கையில் தாளம். ஆண்டவன் ஆட, இவர் தாளம் போட்டுப் பாட. அடியார்கள் வரிசையில் மற்றவர்கள் நிற்க, இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் பெயர்ப்பலகை பார்க்க வேண்டாம். பொலனறுவையிலும் இவருடைய வெண்கலம் கிடைத்திருக்கிறது. கோரம் என்று ஒதுக்காமல் அந்த வாயைப் பாருங்கள், சிரிக்கிறது.

நடராசரின் காலடியில் கிடப்பவரும் மிக்கேல் சம்மனசின் காலடியில் கிடப்பவரும் ஒன்றா?

இல்லை, ஆனால் கேள்வி நல்லது. நடராசர் மிதிப்பது முயலகனை. அவன் அறியாமையின் உருவம், கொல்லப்படுவதில்லை. அழுத்தி வைக்கப்படுகிறான், பல சிலைகளில் தலையைத் தூக்கி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டும் இருப்பான். மிக்கேல் மிதிப்பது விண்ணிலிருந்து தள்ளப்பட்ட சாத்தானை. மிக்கேல் கையில் வாளோடு சில வேளை தராசும் இருக்கும், ஆன்மாக்களை நிறுப்பதற்கு. வேதசாட்சிகளின் ஆயுதம் பற்றிச் சொன்ன விதியில் இவர் விலக்கு: இவருடைய வாள் இவருடையதே.

ஆடிவேல் தேரில் முருகன் எங்கே? வேல் மட்டும்தானே வருகிறது?

வேலே முருகன். செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் ஆடிவேல் ஊர்வலத்திலும், நல்லூர் மூலஸ்தானத்திலும் அப்படித்தான். கதிர்காமத்தில் இன்னும் ஒரு படி மேலே: மூலஸ்தானத்தில் உருவமே கண்ணில் படாது, முருகனை வரைந்த திரைச்சீலைக்குத்தான் பூசை. ஆறு முகம், பன்னிரண்டு கை என்று விரிந்த தெய்வத்தை ஒரே ஒரு கைப்பொருளாகச் சுருக்கியிருக்கிறார்கள்.

விகாரைகளில் பக்கத்துச் சின்னக் கோவில்களில் இருக்கும் தெய்வங்கள் யார்? நம்முடையவர்கள் போலத் தெரிகிறதே?

பலர் நம்முடையவர்கள்தான். நீல மேனி என்றால் விஷ்ணு. மயிலும் ஆறு முகமும் என்றால் கதிர்காமத் தெய்யோ, நம்முடைய முருகன் (தெய்யோ என்றால் சிங்களத்தில் தெய்வம்). வெள்ளை யானையோடு, பின்னால் ஒரு கூர்மலை தெரிந்தால் சமன் தெய்யோ. அந்த மலை சிவனொளிபாதம். சிலம்பு ஏந்திய பெண் பத்தினித் தெய்யோ, அதாவது நம்முடைய கண்ணகி. கொழும்பை அண்டிய நவகமுவையில் அவளுக்குப் பெரிய தேவாலயம் இருக்கிறது.

களனியில் காவல் தெய்வம் விபீடணன். இராமாயணத்தில் கட்சி மாறியவனுக்கு இங்கே கோவில். களனி விகாரைச் சுவர்களில் 1927 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டு சோலியஸ் மென்டிஸ் வரைந்த ஓவியங்களில் அவனுக்கு இலட்சுமணன் முடிசூட்டும் காட்சியும் உண்டு. அங்கே எல்லாரும் படம் பிடிப்பது புத்தரின் பல்லான தந்ததாதுவைக் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த இளவரசி ஹேமமாலியை. அழகுதான். என் ஓட்டு விபீடணனுக்கு.

பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீட் வரைந்த சுவர்கள் (1939–1940) முற்றிலும் வேறு மாதிரி: தடித்த கோடு, அகன்ற கண், பிக்காசோ பார்த்த கையோடு அஜந்தாவும் பார்த்தவரின் வேலை. புத்தர் சரிதத்தை அப்படி வரையலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கொழும்பில் இலவசமாகப் பார்க்கக்கூடிய நவீன ஓவியங்களில் இதற்கு மேல் ஒன்றை என்னால் சொல்ல முடியாது.

பிரித்தானிய நூதனசாலையில் இருக்கும் இலங்கைப் பொற்சிலை பத்தினிதானே?

முன்பு அப்படித்தான் சொல்லி வந்தார்கள். அது பௌத்தத் தாரா தேவி. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் கிடைத்தது. ஆளுநர் பிரவுன்றிக் கொண்டுபோய், 1830இல் அங்கே சேர்ந்தது. கையில் சிலம்பு இல்லை. உயர்ந்த கொண்டையின் முன்புறத்தில் ஒரு குழி இருக்கிறது. அதில் ஒரு சிறு புத்தர் உருவம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் யாருடைய கண்டுபிடிப்பு? நாம் அவர்களிடம் எடுத்தோமா, அவர்கள் நம்மிடமா?

யாருக்கும் தனிச் சொத்து இல்லை. குசாணர் காலத்துக் காந்தாரப் புத்தர்களுக்கு வட்டம் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு அது 4ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதே காலத்தில் உரோமைப் பேரரசர்களுக்கும் வரைந்தார்கள், புனிதம் பார்க்கவில்லை. முகலாய மன்னன் சகாங்கீரின் தலைக்குப் பின்னாலும் வட்டம் உண்டு. அது யேசுசபைக் குருமார் அரண்மனைக்குக் கொண்டுபோன ஐரோப்பியப் படங்களின் செல்வாக்கு.

நம்முடைய வெண்கலங்களில் தலைக்குப் பின்னால் சிறு சக்கரம் ஒன்று இருக்கும், சிரச்சக்கரம் என்பார்கள். உருவத்தைச் சுற்றி முழுதாக வளைவது திருவாசி. புத்தருக்கு ஆறு நிற ஒளி. அந்த நிறங்களைக் கொண்டு அமைந்த பௌத்தக் கொடி 1885 வெசாக் நாளில் முதன்முதலாகப் பொது இடத்தில் ஏற்றப்பட்டதும் கொட்டாஞ்சேனையில்தான், தீபதுத்தாராமயவில். இப்போது சந்திச் சிலைகளுக்குப் பின்னால் சுழலும் மின்குமிழ் வட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இரவில் ஓட்டோவில் போகும்போது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

சாமியறைப் படங்களில் இலட்சுமி, சரஸ்வதி எல்லாம் ஏன் ஒரே முகம்?

ஏறக்குறைய ஒரே பட்டறையிலிருந்து வந்ததால். திருவிதாங்கூர்ப் பக்கத்து இரவிவர்மா (1848–1906) ஐரோப்பிய எண்ணெய் வர்ண முறையில் தெய்வங்களை வரைந்து, 1894இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டார். அதுவரை கோவிலுக்குள் இருந்த தெய்வம், சேலை கட்டிய மாநிற அழகியாக வீட்டுச் சுவருக்கு வந்தது. அடுத்த தலைமுறையில் கோவில்பட்டியில் இருந்து கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைய, சிவகாசி அச்சடித்தது. நம் அம்மம்மா வீட்டுச் சாமியறையில் பொட்டு வைத்துப் பொட்டு வைத்து முகம் மறைந்த முருகனும் அநேகமாக அந்த வழிதான். வேதத்திலோ ஆகமத்திலோ அந்த முகத்தைத் தேட வேண்டாம்.

இயேசுவுக்குத் தாடி இல்லாமல் வரையலாமா?

வரைந்திருக்கிறார்கள், அதுவும் முதலில். உரோமைச் சுரங்கக் கல்லறைகளில் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பன் தாடியில்லாத இளைஞன். நம் நாட்டில் டேவிட் பெயின்டர் கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் சிலுவையில் தொங்கும் தாடியில்லா இயேசுவை வரைந்தார், சுற்றிலும் நம் நாட்டுக் கடலோரம். கொழும்பில் அவருடைய கையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்கிசை புனித தோமையார் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு, முன்அனுமதியோடு போகலாம். பீடத்துக்குப் பின்னால், இயேசு மலைமேல் ஒளிவடிவாக மாறிய உருமாற்றக் காட்சி.

வுல்பெண்டால் ஆலயத்தில் ஒரு சொரூபம்கூட இல்லையே, ஏன்?

1749இல் அடிக்கல் வைத்து 1757இல் திறந்த அந்த ஆலயம் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையுடையது. உருவம் வைப்பது விக்கிரக ஆராதனை என்பது அவர்கள் கொள்கை. கல்லறைக் கற்களும் குடும்பச் சின்னங்களும்தான் அலங்காரம். அந்தோனியாரின் கொச்சிக்கடை அதிலிருந்து கூப்பிடு தூரம்.

முஸ்லிம்களிடமும் உருவம் இல்லை. ஆனால் இறைநேசர் உண்டு. நகரமண்டபத்துக்குப் பக்கத்துத் தெவட்டகஹ பள்ளியில் ஷெய்கு உஸ்மான் வலியுல்லாஹ் அடக்கத்தலம் இருக்கிறது. பச்சைப் போர்வையும் எழுத்தணியும் பார்த்தால் யாரோ பெரியவர் உறங்குகிறார் என்பது புரிந்துவிடும்.

இராவணனை எங்கே பார்க்கலாம்?

கோவில் திருவிழாவில் கைலாச வாகனத்தின் அடியில். பத்துத் தலை, இருபது கை, மலையைத் தூக்கி நசுங்கி, நரம்பை மீட்டிச் சாமகானம் பாடுகிறான். மேலே சிவன் பார்வதி. அரக்கனைச் சிவபக்தனாகக் காட்டும் இந்தக் காட்சி எல்லோராக் கைலாசநாதர் கோவிலிலும் பெரிதாக உண்டு. கொம்பும் கோரைப்பல்லுமாக இராவணனை வரையும் படப்புத்தகங்களை விடப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது நல்லது.

கோபுரச் சிலைகளுக்கு ஏன் இவ்வளவு பளபளப்பான வர்ணம்? பழமை போய்விடாதா?

சுதைச் சிற்பத்துக்கு வர்ணம் பழைய வழக்கம். குற்றமில்லை, கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புதுப்பிப்பதும் முறை. நான் குறை சொல்வது கருங்கல்லின்மேல் எனாமல் பூசுவதை. உளி செதுக்கிய நகத்தையும் நகையையும் அது மூடிவிடும். கல்லைக் கல்லாக விட்டால் போதும்.

படம் எடுக்கலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

கோவில் மூலஸ்தானத்தை எடுக்காதீர்கள், மற்ற இடங்களுக்கு ஐயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டி வரும். விகாரையில் புத்தருக்கு முதுகு காட்டி நின்று செல்பி எடுப்பது இங்கே பெரிய அவமரியாதை. கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பயணியை 2014இல் திருப்பி அனுப்பியே விட்டார்கள். பச்சை இருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள். தேவாலயத்தில் திருப்பலி நேரம் கைபேசி உள்ளே போகட்டும். நூதனசாலையில் பிளாஷ் போடாமல், சிலைக்குப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். சம்பந்தரின் விரல் நேரே நின்றால் சரியாகத் தெரியாது.